கூடாரம் அரங்கமான கதை

வேல்ஸ் நாட்டின் டவி ஆற்றுப் பள்ளத்தாக்கில் மகன்லெத் என்றொரு சிற்றூர் உண்டு. 1404-இல் ஓவைன் கிளிந்தூர் பாராளுமன்றம் கூட்டிய ஊர் என்றே வரலாற்று நூல்கள் இதனை அறிமுகம் செய்யும். நாம் பேச விழைவது அவ்வூரின் வேறொரு கட்டடம் பற்றி. 1880-இல் வெஸ்லியன் மெதடிஸ்தர்கள் எழுப்பிய அந்தச் சிற்றாலயத்தின் பெயர் 'தபர்நாக்கிள்'. நம் தமிழ் விவிலியம் 'ஆசரிப்புக் கூடாரம்' என்று குறிக்கும் அதே சொல்தான். இடம்விட்டு இடம் பெயரும் கூடாரத்தின் பெயரை அசையாத கட்டடத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள்!

1986-இல் இது நிகழ்கலை மையமாகத் திறக்கப்பட்டது. அதனையொட்டி ஓவியக்கூடங்கள் வளர்ந்து நவீன கலை அருங்காட்சியகமாயின. ஆலயம் அரங்கமாயிற்று என்றவுடன் அதனை வீழ்ச்சியென எழுதிவிடத் தோன்றும். அது அவசரத் தீர்ப்பு என்பது நம் கருத்து.

வேல்ஸின் சிற்றாலயங்கள் செவிக்காகக் கட்டப்பட்டவை. நடுநாயகமாகப் பிரசங்க பீடம்; அதனை நோக்கி இருக்கைகள்; பெரிய ஆலயங்களில் மாடங்களும் உண்டு. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதே கட்டியோரின் நோக்கம். இசையும் அங்கேதான் வளர்ந்தது. 1859-இல் அபெர்தேரில் ஐவன் குவில்ட் தொடங்கி வைத்த 'கமான்வா கானி' எனும் கூட்டுப்பாடல் விழாக்கள் நாடெங்கும் பரவின. ஜான் கர்வென் பரப்பிய சோல்ஃபா முறையால் (நம் ச ரி க ம போன்றதே) சுரங்கத் தொழிலாளரும் நான்கு குரல் பாடல்களைக் கற்றனர். 1176-இல் கார்டிகனில் ரீஸ் பிரபு நடத்திய கவிஞர் போட்டியில் தன் வேரைக் காணும் 'ஐஸ்டெத்வொத்' விழாவின் சிறு வடிவங்களுக்கும் இத்தகைய ஆலயங்களே இடம் தந்தன. அதன் தேசிய விழா 1937-இலும் 1981-இலும் மகன்லெத்துக்கே வந்தது. ஆக, கலை இக்கூரையின்கீழ் 1986-இல் புதிதாகக் குடியேறியதன்று.

இடையே ஒரு வேடிக்கை. இவ்வாலயம் எழுந்த மறு ஆண்டு, 1881-இல், ஞாயிறன்று மதுக்கடைகளை மூடும் சட்டம் வேல்ஸில் வந்தது. ஆலயத்தார் பெற்ற வெற்றி அது. இன்றைய அரங்கின் முகப்புக் கூடத்திலோ மது விற்கும் மேடை இருக்கிறது. பழைய பிரசங்கியார் பார்த்தால் என்ன சொல்வாரோ!

உண்மையான இழப்பு வேறிடத்தில் உள்ளது. 1588-இல் வில்லியம் மோர்கன் விவிலியத்தை வெல்ஷில் முழுமையாகத் தந்தார். 1731 முதல் கிரிஃபித் ஜோன்ஸின் சுற்றுப் பள்ளிகளும், பின்னர் ஓய்வுநாள் பள்ளிகளும் உழவரையும் மூதாட்டியரையும் அம்மொழியில் படிக்க வைத்தன. அரசு பேணாத மொழியை ஆலயம் பேணியது. 1901-இல் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெல்ஷ் பேசினர். 2021 கணக்கெடுப்பில் அது 17.8 விழுக்காடு. இருக்கைகள் காலியானதும் மொழி சுருங்கியதும் தனித்தனி வரலாறுகள் அல்ல. பாட்டையும் மேடையையும் அரங்கம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்தப் பள்ளியின் வேலையை அது ஏற்குமா?

சுமார் 350 பேர் அமரும் இவ்வரங்கில் மொழிபெயர்ப்பாளருக்கென அறைகள் அமைத்திருக்கிறார்கள். மேடையில் ஒலிக்கும் வெல்ஷ் உரையைப் புரியாதோர் செவிக்கருவி வழியே ஆங்கிலத்தில் கேட்கலாம். 1880-இல் அப்படியோர் அறை தேவைப்பட்டிராது.