மெஷினில் 4 மணி நேரம், பஸ்ஸில் 4 மணி நேரம்... டயாலிசிஸ் நோயாளிக்கு லோயர் கேம்ப்பில் வேறு வழி உண்டா?

உங்க வீட்ல யாராவது டயாலிசிஸ் செஞ்சுக்கிறாங்களா? 'கிரியாட்டினின் எவ்வளவு?'னு கேட்கிறதோட, 'மெஷினுக்குப் போயிட்டு வர எவ்வளவு நேரமாகுது?'ன்னும் கேளுங்க. அவங்க உடம்பு எப்படி இருக்கும்ங்கிறதுல இந்தக் கேள்விக்கும் பங்கு இருக்கு.

குமுளி மலையடிவாரத்துல இருக்கிற லோயர் கேம்ப்பையே எடுத்துக்குவோம். அங்கிருந்து தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகணும்னா கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனினு மொத்தப் பள்ளத்தாக்கையும் தாண்டி க.விலக்கு வரணும். ஏறக்குறைய 60 கி.மீ. பஸ் மாறி, காத்திருந்து போனா ஒருவழிக்கே ரெண்டு மணி நேரம் பக்கம் ஆகும். வாரத்துக்கு 3 டயாலிசிஸ்னா மெஷினில் 12 மணி நேரம், ரோட்டில் 12 மணி நேரம்.

2008-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, 7 நாடுகளில் ஏறக்குறைய 20,000 டயாலிசிஸ் நோயாளிகளின் பயண நேரத்தைக் கணக்கெடுத்தது. ஒருவழிப் பயணம் ஒரு மணி நேரத்தைத் தாண்டியவர்களுக்கு, கால் மணி நேரத்துக்குள் போகிறவர்களைவிட இறப்பு அபாயம் சுமார் 20% அதிகமாக இருந்தது. வாழ்க்கைத் தரமும் குறைவுதான். அதெல்லாம் பணக்கார நாடுகள். கம்பம் ரோட்டில் பஸ் ஏறுகிறவருக்கு அது எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

தூரம் செய்கிற பெரிய கெடுதல், 'இன்னிக்கு ஒருநாள் விட்டுடலாமே'ங்கிற நினைப்புதான். திங்கள், புதன், வெள்ளினு போகிறவருக்கு சனி, ஞாயிறு இடைவெளியே கொஞ்சம் ஆபத்தானது. அந்த நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில் இறப்பும் இதயப் பிரச்னைகளும் கூடுதுனு 2011-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அதோட ஒரு திங்கட்கிழமையையும் விட்டா என்ன ஆகும்?

நோயாளிகள்கிட்ட 'உங்களுக்கு எது முக்கியம்?'னு கேட்ட ஆய்வுகளில் முன்னாடி வந்தது களைப்பு. டயாலிசிஸ் முடிஞ்சு வர்றவர் சோம்பேறித்தனமா படுத்திருக்கலை. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வும் இருக்கு. அவர் எரிஞ்சு விழுந்தா, கொஞ்சம் பொறுத்துப் போங்க.

அடுத்து தண்ணீர். மலையிலிருந்து ராட்சதக் குழாய்களில் இறங்கி வர்ற பெரியாறு தண்ணீர்ல மின்சாரம் எடுக்கிற ஊர் இது. ஒரு தடவை டயாலிசிஸ் செய்ய மெஷினுக்கும் சுமார் 120 லிட்டர் திரவம் வேணும். ஆனா, நோயாளி குடிக்கக்கூடியது பொதுவாக முந்தின நாள் போன சிறுநீரின் அளவும் கூட அரை லிட்டரும்தான். கஞ்சி, ரசம், டீ, மோர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். தாகத்தைக் கிளப்புறது உப்புதான். ஊறுகாய், அப்பளம், கருவாட்டை முதல்ல நிறுத்துங்க. 'லோ சோடியம்' உப்பு வாங்கிக் கொடுத்துடாதீங்க. அதில் பொட்டாசியம் இருக்கும்.

பொட்டாசியம் ஏறினா இதயம் திடீர்னு நின்னுடலாம். நம்ம பக்கம் அதுதான் சிக்கல்... தோட்டம் முழுக்க வாழையும் தென்னையும்! வாழைப்பழமும் இளநீரும் ஹீமோடயாலிசிஸ் நோயாளிக்கு ஆகாது. கம்பம் பன்னீர் திராட்சை பரவாயில்லை, டாக்டரைக் கேட்டுட்டு ஒரு சின்னக் கைப்பிடி. ஸ்டார் ஃப்ரூட் மட்டும் ஒரு துண்டுகூட வேண்டாம். அதிலுள்ள நச்சு இவர்களுக்கு விக்கல், குழப்பம், வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும், உயிரும் போயிருக்கு.

ஃபிஸ்டுலா போட்ட கையில தினமும் காலையில விரல் வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. கரகரனு ஓர் அதிர்வு தெரியணும். தெரியலைன்னா அன்னிக்கே போன் பண்ணணும். அந்தக் கையில பி.பி பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, பஸ்ஸில் கனமான பையையும் மாட்டக் கூடாது.

சரி, வேற வழி? இருக்கு. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் பொருத்தி, வீட்லயே தினமும் 3, 4 தடவை திரவத்தை விட்டு எடுக்கிற சி.ஏ.பி.டி முறை. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம். மெஷின் வேண்டாம், கரன்ட் வேண்டாம். வேலைக்கும் போகலாம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல இதுக்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தர்றாங்க. ரத்த டயாலிசிஸுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்குனு பலருக்குத் தெரியும், இது தெரியுறதில்லை. தூரத்து ஊர்க்காரங்களுக்கு டாக்டர்கள் முதல்லயே இதைச் சொல்லணும்ங்கிறது என் கருத்து. அவங்க சொல்லலைன்னா நீங்க கேளுங்க.

எல்லோருக்கும் ஒத்து வராது. பழைய வயிற்று ஆபரேஷன், சுத்தமான அறை இல்லாத வீடு, கைகொடுக்க ஆள் இல்லாத நிலை... இதையெல்லாம் பார்த்து சிறுநீரக மருத்துவர்தான் முடிவு செய்யணும். திரவத்தோட புரதமும் போகிறதால முட்டை, மீன் கூடுதலா தேவைப்படும். பெரிய பயம் தொற்றுதான். பையை மாத்துறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் கை கழுவி, மாஸ்க் போட்டு, ஃபேனை நிறுத்தணும். வெளியே வர்ற திரவம் கலங்கலா இருந்தாலோ, வயிறு வலிச்சாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியட்டும்னு காத்திருக்காம, அந்தப் பையையும் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க.