ஓடாத நேரத்தின் கணக்கு: சஃபோக்கின் உச்சநேர மின்நிலையம்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஐ என்னும் சிற்றூரை ஒட்டி ஒரு பழைய விமானத்தளம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்து புறப்பட்டன. எரிவாயுவில் இயங்கும் உச்சநேர மின்நிலையம் ஒன்றை அத்தளத்தில் அமைக்க 2015இல் அரசு இசைவு தந்தது. 'புரோகிரஸ் பவர்' எனப்படும் அத்திட்டத்தின் திறன் 299 மெகாவாட். 300 என்று ஏன் வைக்கவில்லை?

300 மெகாவாட்டை எட்டும் நிலையம், பிற்காலத்தில் கரிவளியைப் பிடிக்கும் கருவிகளை நிறுவ முன்கூட்டியே இடம் ஒதுக்கிக் காட்ட வேண்டும் என்பது அப்போதைய விதி. ஒரு மெகாவாட் குறைந்தால் அந்தப் பொறுப்பு இருக்கவில்லை. வேல்ஸின் ஹிர்வான், அபெர்கெல்லி, பெட்ஃபோர்டு அருகிலுள்ள மில்புரூக் ஆகிய திட்டங்களும் 299இலேயே நின்றன. இதை ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. ஆண்டில் சொற்ப நேரமே ஓடும் சுழலிக்குக் கரிவளிப் பிடிப்பு கட்டுப்படியாகாது. எனினும் நிலையத்தின் அளவை மின்தேவையைவிட விதியின் விளிம்பே வகுத்தது என்பது என் துணிபு.

இடத்தேர்வும் அப்படித்தான். உயரழுத்த எரிவாயுக் குழாயும் 400 கிலோவோல்ட் மின்தடமும் எங்கே நெருங்கி வருகின்றனவோ அங்கே நிலையம் அமையும். அந்த இடம் பெரும்பாலும் வயல்வெளியாகவே இருக்கும். ஆனால் இந்த விமானத்தளத்துக்கு மின்நிலையம் புதிதன்று. கோழிப்பண்ணைக் கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் 1990களிலேயே அங்கு வந்துவிட்டது. உண்மையான சிக்கல் ஏ140 சாலைக்கு மேற்கே, யாக்ஸ்லி ஊர்ப்புறத்து விளைநிலத்தில் இருக்கிறது. மின்சாரத்தைப் பெருந்தடத்தில் சேர்க்கும் துணைமின் நிலையத்துக்கு அங்கேதான் இடம் குறித்தார்கள்.

'சில மணி நேரம்தானே ஓடும்' என்பது ஆதரவாளர் வாதம். புகைக்கும் இரைச்சலுக்கும் அது பொருந்தும். இந்நிலையத்தின் திறந்த சுழற்சிச் சுழலி சில நிமிடங்களில் முழுத்திறனை எட்டிவிடும். அந்த வேகத்துக்கு விலையாக, எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய 40 விழுக்காட்டையே மின்சாரமாக்கும். இணைச் சுழற்சி நிலையம் 60 விழுக்காட்டை நெருங்குகிறது. ஓட்டம் குறுகியது என்பதால் இந்த விரயத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் புகைபோக்கியும் துணைமின் நிலையத்து மின்மாற்றியும் வேலியும் ஆண்டின் 8,760 மணி நேரமும் நின்றுகொண்டிருக்கும். ஓடும் நேரத்தை வைத்து நிலத்தோற்ற இழப்பை அளப்பது பிழையான அளவுகோல்.

இந்த வேறுபாட்டை எழுப்ப 2008ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டம் போதிய வாய்ப்புத் தரவில்லை. 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நிலையங்கள் அதன்படியும் உள்ளாட்சியின் கையில் இருக்கவில்லை. 2011இல் வெளியான தேசியக் கொள்கை அறிக்கை, தேவை நிறுவப்பட்டுவிட்டதாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னது. ஆறு மாத விசாரணையில் ஊரார் வேலிமரத்தின் உயரத்தைப் பற்றிப் பேசலாம். நிலையமே வேண்டுமா என்று வாதாடி வெல்வது அரிது.

தேவையை நாட்டளவில் முடிவுசெய்வதை நான் மறுக்கவில்லை. குறிப்பிட்ட காலம் தொடர்ந்து ஓடாதிருந்தால் நிலையத்தை அகற்ற வேண்டும் என்ற நிபந்தனை இசைவாணையில் இடம்பெற வேண்டும் என்கிறேன். சுழலியைப் பொறுத்தவரை இது எளிது. துணைமின் நிலையத்தில்தான் இடர்ப்பாடு: அகற்றும் காலம் வருவதற்குள் ஒரு சூரியப்பண்ணையோ மின்கலத் தொகுதியோ அதில் இணைந்திருந்தால், அகற்றும் கடமை யாருடையது என்பதையும் ஆணையே முன்கூட்டி வரையறுத்தாக வேண்டும்.