தகவல் எழுத்தறிவுக் கல்வி

தேவையான தகவலைத் தேடி எடுக்கவும், அதன் தரத்தை எடைபோடவும், எடுத்த இடத்தைச் சொல்லிப் பயன்படுத்தவும் பழக்கும் கல்வி. பெரும்பாலும் நூலகர்களே இதன் ஆசிரியர்கள். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் ஒன்றாக வாசகரின் நேரத்தைச் சேமிப்பதை வைத்தார்; இக்கல்விக்கான விதை அதிலேயே உண்டு. ‘தகவல் எழுத்தறிவு’ என்னும் பெயரை 1974இல் அமெரிக்கரான பால் சுர்கோவ்ஸ்கி வழங்கினார். அமெரிக்க நூலகச் சங்கத்தின் 1989ஆம் ஆண்டு அறிக்கை அதற்குப் பரவலான ஏற்பைத் தந்தது.

முதலில் கற்பிக்க வேண்டியது தேடுசொல். ஏரிப் பாசனம் பற்றி எழுதும் மாணவர் ‘ஏரி’ என்று மட்டும் தேடினால் பாதி நூல்கள் கண்ணில் படாது. தென்மாவட்டங்களைப் பற்றிய நூல்களில் அது ‘கண்மாய்’; வேறு சிலவற்றில் ‘குளம்’. ஆசிரியர் பெயரும் அப்படித்தான்: அரங்கநாதன், ரங்கநாதன் என இரண்டையும் தேடிப் பார்க்க வேண்டும். தமிழ் நூற்பட்டியல்களில் இந்தப் பழக்கம் இல்லாமல் ஆய்வு நகராது.

அடுத்தது சரிபார்ப்பு. சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமற்ற இணையதளத்தின் நம்பகத்தன்மையை மதிப்பிடுவதில் வரலாற்றாசிரியர்களைவிடச் செய்தி சரிபார்ப்பாளர்களே முந்தினர். அந்தப் பக்கத்திலேயே தங்காமல், அதைப் பற்றிப் பிறர் சொல்வதை உடனே தேடியதே காரணம்.

கல்வியாண்டின் தொடக்கத்தில் நூலகத்தை ஒருமுறை சுற்றிக் காட்டுவது போதாது. மாணவர் கட்டுரை எழுதும் வாரத்திலேயே, பாட ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து நடத்தும் வகுப்பே பயன் தரும்.