கழிப்பறைப் பயிற்சி

கழிப்பறைப் பயிற்சி என்பது சிறுநீர், மலம் ஆகியவற்றைக் கழிக்கும் உணர்வை அறிந்து, அதற்குரிய இடத்தில் கழிப்பதற்குக் குழந்தையைப் பழக்குவதாகும். தொடங்கும் வயதும் முறையும் பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபடுகின்றன.

உடலியல் அடிப்படை

பிறந்த குழந்தையின் சிறுநீர்ப்பை நிரம்பியதும் அனிச்சையாகவே வெளியேற்றுகிறது. நரம்பு மண்டலம் முதிர முதிர, சுருக்குத்தசைகளை மூளை கட்டுப்படுத்தத் தொடங்குகிறது. பொதுவாக இரவு நேரச் சிறுநீர்க் கட்டுப்பாடே இறுதியாக அமைகிறது. எனவே ஐந்து வயதுக்கு முன் படுக்கையை நனைப்பது நோயாகக் கருதப்படுவதில்லை.

ஆயத்த அறிகுறிகள்

பல குழந்தைகளிடம் 18 முதல் 30 மாதங்களுக்குள் பின்வரும் அறிகுறிகள் தோன்றும்.

* இரண்டு மணி நேரம் வரை நனையாதிருத்தல்
* கழிக்கும் உணர்வைச் சொல்லாலோ சைகையாலோ தெரிவித்தல்
* எளிய கட்டளைகளைப் புரிந்து நடத்தல்
* கீழாடையைத் தானே இறக்க முயலுதல்

வரலாறும் முறைகளும்

ஐக்கிய அமெரிக்காவின் சிறுவர் பணியகம் 1914 முதல் வெளியிட்ட குழந்தை வளர்ப்புக் கையேட்டின் தொடக்கப் பதிப்புகள், பிறந்த சில மாதங்களிலேயே கண்டிப்பான நேர ஒழுங்குடன் பயிற்சியளிக்க அறிவுறுத்தின. குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன் 1962 இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு மாறாகக் குழந்தையின் ஆயத்தத்தை மையமாகக் கொண்ட முறையை முன்வைத்தது. அவர் ஆராய்ந்த 1,170 குழந்தைகள் சராசரியாக 28.5 மாதங்களில் பகல் நேரப் பயிற்சியை நிறைவு செய்தனர். உளவியலாளர்களான நேத்தன் அசுரின், ரிச்சர்ட் பாக்சு ஆகியோர் 1974 இல் வெளியிட்ட நூல், பொம்மை கொண்டு செய்து காட்டல், மிகுதியாகப் பானங்கள் கொடுத்தல், பாராட்டு, பரிசு ஆகியவற்றால் விரைவாகப் பழக்கும் முறையை விளக்கியது.

பண்பாட்டு வேறுபாடுகள்

கிழக்கு ஆப்பிரிக்காவின் திகோ மக்களிடையே பிறந்த சில வாரங்களிலேயே பயிற்சி தொடங்குவதை 1977 இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. சீனாவில் கவட்டுப் பகுதி திறந்த காற்சட்டை அணிவிக்கும் வழக்கம் உண்டு. தமிழ்க் குடும்பங்களில் தாயோ பாட்டியோ நீட்டிய கால்களின்மேல் குழந்தையை அமர்த்தி, ‘உஸ்’ என்று ஒலியெழுப்பிப் பழக்குவர். ஒருமுறை பயன்படுத்தும் அணையாடைகளின் பரவலும் பயிற்சி தள்ளிப்போவதற்கான காரணங்களுள் ஒன்றாகக் கூறப்படுகிறது.

சிக்கல்கள்

மலம் கழிக்கையில் வலி ஏற்பட்டால் குழந்தை மலத்தை அடக்கும். அடக்கிய மலம் இறுகி வலியை மேலும் கூட்டுவதால் மலச்சிக்கல் தொடர்கிறது. இறுகிய மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து ஆடையைக் கறைப்படுத்தலாம். இதைக் குழந்தையால் கட்டுப்படுத்த இயலாது. ஆயினும் பெற்றோர் இதைப் பிடிவாதம் என்றோ வயிற்றுப்போக்கு என்றோ தவறாகக் கருதுவதுண்டு. அடித்தலும் வெட்கப்படுத்துதலும் அச்சத்தை வளர்த்து, மலத்தை அடக்கும் போக்கை மிகுவிக்கும். நார்ச்சத்துள்ள உணவு, போதிய நீர், உணவுக்குப் பின் சிறிது நேரம் அமர்த்துதல், பாதம் ஊன்றத் தாங்கி அமைத்தல் ஆகியவை துணைபுரியும். கடும் மலச்சிக்கல், வலியுடன் சிறுநீர் கழித்தல், பழகிய பின் மீண்டும் நனைத்தல் ஆகியவை நீடித்தால் மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

உடல்நலம்

குழந்தையின் மலம் தீங்கற்றது என்னும் கருத்து தவறானது. அதிலும் நோய்க்கிருமிகள் இருக்கலாம். ஆகவே அதைக் கழிப்பறையில் அகற்றுவதும், பின்னர்க் குழந்தையும் பெரியவரும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவதும் பயிற்சியின் பகுதிகளாகும். பெண் குழந்தைகளுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைத்தால் சிறுநீர்த்தொற்று ஏற்படும் வாய்ப்புக் குறையும்.

இவற்றையும் பார்க்க

* அணையாடை
* குழந்தை வளர்ச்சி
* மலச்சிக்கல்