ராவெல்லாம் முழித்திருந்தவர்கள்

தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்துக்கு எதிரே பாசிமணி விற்கும் பாட்டியிடம் புயலைப் பற்றிக் கேட்டேன். “அப்ப எனக்கு ஏழு வயசு. அம்மா, அப்பா ரெண்டு பேரும் போயிட்டாக. சின்னம்மாதான் வளத்தாக. காய்ச்சல்னா ராவெல்லாம் முழிச்சிருப்பாக.”

1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோனது. ரயில் நிலையம், தபால் நிலையம், மருத்துவமனை எல்லாம் இருந்த ஊர் வாழத் தகுதியற்றது என அறிவிக்கப்பட்டது. பாட்டிக்குக் காப்பகம், மருத்துவமனை எல்லாமே சின்னம்மாதான்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2004 சுனாமியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரியில் அரசே காப்பகங்களைத் திறந்தது. சோறு, படிப்பு, மருத்துவம் மூன்றும் சொந்தக்காரர்களின் தயவு என்பதிலிருந்து அரசின் கடமையாக மாறின. பெரிய மாற்றம்தான். ஆனால் எந்தக் காப்பகத்தைப் பார்த்தாலும் எனக்கு ஒரு கேள்வி வருகிறது: இங்கே ராத்திரி காய்ச்சல் வந்தால் யார் முழித்திருப்பார்கள்?