ஏடுகளை விசாரித்தல்: கென்னடி கொலை ஆவணங்களும் அறிவு வரைபும்

"கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாய்மொழி. ஆயின், விசாரித்தவர் பலராய், அவர் எழுதிவைத்த ஏடுகளோ இலட்சக்கணக்கில் பெருகிவிட்டால், அவ்வேடுகளையே விசாரிப்பது எங்ஙனம்? சரித்திரம் கற்கும் நம்போன்ற மாணவர் முன் இன்று நிற்கும் பெருவினா இது. இவ்வினாவுக்கு விடையாக, ஆவணங்களிற் கிடக்கும் பெயர்களையும் தொடர்புகளையும் கணினி கொண்டு இணைத்துக் காட்டும் 'அறிவு வரைபு' என்னும் கருவி தோன்றியுள்ளது. அதன் ஆற்றலையும் எல்லையையும், உலகமே வாதிட்ட ஒரு வழக்கினை உரைகல்லாகக் கொண்டு ஆராய்வோம்.

வழக்கின் வரலாறு

1963ஆம் ஆண்டு நவெம்பர் 22ஆந் தேதி நண்பகல் கடந்து அரைமணியளவில், அமெரிக்க சனாதிபதி ஜோன் எவ். கென்னடி டலஸ் நகரிற் சுடப்பட்டு இறந்தார். அன்றே கைதான லீ ஹார்வி ஒஸ்வால்ட் என்னும் இருபத்துநான்கு வயதினன், இரு நாட்களின் பின் ஜாக் ரூபி என்பவனாற் சுட்டுக்கொல்லப்பட்டான். குற்றஞ் சாட்டப்பட்டவன் மன்றேறாமலே மாண்டமையால், மன்றிலே தீர வேண்டிய வழக்கு மக்கள் மனத்திலே தீராவழக்காயிற்று.

பிரதம நீதியரசர் வாரன் தலைமையிலான ஆணைக்குழு 1964 செப்டெம்பரில் 888 பக்க அறிக்கை ஒன்றை அளித்து, ஒஸ்வால்ட் தனியனாகவே செயற்பட்டான் என முடிவு கூறிற்று. 1979இல் பிரதிநிதிகள் சபையின் விசேட குழுவோ, பொலிசாரின் ஒலிப்பதிவு ஒன்றை ஆதாரமாகக் கொண்டு, சதி இருந்திருத்தல் கூடும் என்றது. 1982இல் தேசிய விஞ்ஞானக் கழகம் அமைத்த நிபுணர் குழு அவ்வொலிப்பதிவை ஆராய்ந்து, அவ்வோசைகள் சூடு நிகழ்ந்து ஏறக்குறைய ஒரு நிமிடத்தின் பின் எழுந்தவை என்று காட்டி, அவ்வாதாரத்தை மறுத்தது. ஓர் ஆணைக்குழு கட்டியதை மற்றொன்று அசைக்க, அதனை வேறொன்று அசைத்த கதை இது.

அட்டைகளிலிருந்து வரைபு வரை

வாரன் ஆணைக்குழுவின் சாட்சியங்களும் சான்றுகளும் 26 தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றுக்குப் பொருளகராதி இருக்கவில்லை. நியூயோர்க்கில் உலக சுகாதார நிறுவனத்திற் பணியாற்றிய சில்வியா மீகர் என்னும் பெண்மணி அத்தொகுதிகளை முற்றாகப் படித்து, 1966இல் தாமே பொருளகராதி ஒன்றை வெளியிட்டார். டலசிலே சட்ட அலுவலகச் செயலாளராயிருந்த மேரி ஃபெரல் என்பாரும் பெயர்களையும் நாட்களையும் அட்டைகளில் எழுதி அடுக்கிப் பேணி வந்தார். இவர்கள் கையாற் செய்த தொண்டினையே இன்று கணினி செய்ய முயல்கின்றது என்றால் மிகையாகாது.

1992இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி இக்கொலை பற்றிய அரசாங்க ஆவணங்கள் ஓரிடத்திற் சேர்க்கப்பட்டன. இன்று அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள அத்தொகுதி ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்களைக் கொண்டது. 2017 தொடக்கம் 2025 வரை பல தவணைகளாக, மறைத்துவைக்கப்பட்ட பகுதிகளும் வெளியாயின. ஒருவர் நாளொன்றுக்கு 100 பக்கம் படித்தாலும், முற்றாய்ப் படித்து முடிக்க 136 ஆண்டுகளுக்கு மேல் செல்லும்! ஒரு மனித ஆயுள் இதற்குப் போதாது.

அறிவு வரைபு என்பது யாது? நம் முற்றத்துப் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்க. ஆள், இடம், நிறுவனம், நிகழ்ச்சி ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. அவற்றிடையுள்ள தொடர்பு ஒரு கோடு. 'ஒஸ்வால்ட் – சென்றான் – மெக்சிக்கோ நகர்' என்பது இரு புள்ளியும் ஒரு கோடும். புள்ளியும் கோடும் கொண்டு ஆராயும் கணிதம், கோனிக்ஸ்பேர்க் நகரின் ஏழு பாலங்கள் பற்றி 1736இல் ஒயிலர் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது. 'அறிவு வரைபு' என்னும் பெயரைப் பலரறியச் செய்தது 2012இல் கூகிள் நிறுவனம். தட்டச்சுப் படிகளின் படங்களை எழுத்தாக்கி, எழுத்திலிருந்து பெயர்களைப் பிரித்து, பெயர்களிடையே தொடர்பு கண்டு கோடிடுவதே இம்மென்பொருளின் தொழில். 2017இல் வெளியான கென்னடி ஆவணங்களைக் கொண்டு மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் இத்தகைய முயற்சி ஒன்றைச் செய்து காட்டினர். மத்திய உளவு நிறுவனத்தின் மறைபெயர்களுக்கு விளக்கம் தரும் பகுதியும் அதில் அமைந்திருந்தது.

ஒருவனா, பலரா?

இக்கருவியின் முதற் சோதனை பெயரிலேயே தொடங்குகின்றது. உளவு நிறுவனம் 1960 டிசெம்பரில் ஒஸ்வால்ட் பற்றிய கோவையை 'லீ ஹென்றி ஒஸ்வால்ட்' என்னும் பிழைப்பெயரிலே திறந்தது. 1963 மார்ச்சில் அவன் தபால் மூலம் துப்பாக்கி தருவித்தது 'ஏ. ஹிடெல்' என்னும் பெயரில். டலசில் அறை வாடகைக்கு எடுத்ததோ 'ஓ. எச். லீ' என்று. பொறுப்பற்ற மென்பொருள் இவனை நான்கு மனிதராக்கி, இல்லாத கூட்டாளிகள் மூவரைப் படைத்துவிடும்.

இதற்கு மறுதலையும் உண்டு. ஒஸ்வால்ட் மெக்சிக்கோவிலுள்ள சோவியத் தூதரகத்துடன் தொடர்புகொண்டது பற்றி 1963 ஒக்டோபர் 8ஆந் தேதி அனுப்பப்பட்ட தந்தி, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, ஆறடி உயரமுள்ள ஒருவனின் அங்க அடையாளத்தையும் கூறியது. அவ்வடையாளம் வேறொருவனது புகைப்படத்திலிருந்து பெறப்பட்டது. ஆராயாது இணைத்தால் இருவர் ஒருவராகிவிடுவர். ஆகவே, பெயரை இணைப்பதா பிரிப்பதா என்பது இயந்திரத்தின் வேலையாகத் தோன்றினும், உண்மையிலே அது சரித்திராசிரியனின் தீர்ப்பேயாகும்.

கோடு சான்றாகுமா?

மெக்சிக்கோவில் ஒஸ்வால்ட் சந்தித்த சோவியத் அதிகாரிகளுள் கொஸ்திக்கோவ் ஒருவர். அவர் நாசவேலைப் பிரிவைச் சேர்ந்தவர் என உளவு நிறுவனம் ஐயுற்றது. வரைபிலே இது அச்சமூட்டும் ஒரு கோடாய்த் தெரியும். ஆனால் அவர் விசா வழங்கும் கொன்சல் அலுவலராயும் இருந்தார். ஒஸ்வால்ட் அங்கு சென்றதும் விசா கேட்டே. 'சந்தித்தான்' என்னும் கோடு ஒன்றே. அதன் பொருளோ இரண்டு. எப்பொருள் மெய் என்பதைக் கோடு சொல்லாது.

இன்னொரு மயக்கமும் உண்டு. ஓர் அலுவலகம் எழுதிய அறிக்கையை மற்றோர் அலுவலகம் படியெடுக்க, ஆணைக்குழு அப்படியையும் கோவையிற் சேர்க்கும். ஒருவர் கூற்று மூன்று தாள்களிற் காணப்படின், மென்பொருள் அதனை மும்மடங்கு வலிய தொடர்பாகக் காட்டக் கூடும். மலையில் மும்முறை எதிரொலித்த குரல் மூவர் குரல் ஆகாது. அவ்வாறே, மிகப் பல கோடுகள் சென்று சேரும் புள்ளியே சதியின் நடுவென எண்ணுதலும் தவறு. கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகத்தின் கடிதங்கள் எண்ணற்றவற்றில் அதன் தலைவர் ஹூவரின் பெயர் உண்டு. அது அலுவலக வழக்கத்தின் விளைவேயன்றிக் குற்றத்தின் அடையாளமன்று.

இல்லாத ஏட்டை எவ்வரைபும் காட்டாது. ஒஸ்வால்ட் டலஸ் புலனாய்வு அலுவலகத்திற் கொடுத்துச் சென்ற குறிப்பொன்று அவன் இறந்தபின் அழிக்கப்பட்டது 1975இலேதான் வெளிப்பட்டது. அதில் என்ன எழுதியிருந்தது என்பதில் அதனைக் கண்டவரே ஒத்துக் கூறவில்லை.

நாம் கொள்ளவேண்டியது

அங்ஙனமாயின் இக்கருவி வேண்டாவோ எனின், வேண்டும் என்பதே எம் துணிபு. ஐம்பது இலட்சம் பக்கங்களுள் எதனை எடுத்துப் படிப்பது என வழிகாட்ட இதனைவிட நல்ல துணை இல்லை. ஒவ்வொரு கோட்டின் மீதும் அது எந்த ஏட்டின் எந்தப் பக்கத்திலிருந்து பிறந்தது, எழுதியவர் யார், நேரிற் கண்டாரா கேட்டாரா, மூலமா படியா என்னும் குறிப்புகள் இருத்தல் வேண்டும். கோட்டைத் தொட்டால் ஏடு திறக்க வேண்டும். அங்ஙனம் திறவாத கோடு வதந்தியே. அது கணினியிற் பிறந்தது என்பதனால் உண்மையாகிவிடாது.

ஒருவன் பெயரைக் கொலைகாரன் பெயரோடு கோடிட்டு இணைப்பது எளிது. அவ்விணைப்பால் அவன் பிள்ளைகளுக்கு நேரும் அவமானத்தைத் துடைப்பதோ அரிது. கல்விகற்ற இளைஞராகிய நாம் அழகிய வரைபடம் ஒன்றைக் கண்டவுடன் மயங்காது, "இக்கோட்டுக்கு ஏடு எங்கே?" எனக் கேட்கப் பழகுவோமாக. விசாரித்தற்குக் கணினி துணைசெய்யும். தீர விசாரித்தல் நம் கடன்.