நாணயம்: காசின் பெயர் ஆளுக்கு வந்த வழி

பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலும், இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் தமிழ் பேசுவோர், கடன் கேட்டு வருபவனைப் பற்றி முதலில் விசாரிப்பது இதுதான்: “ஆள் நாணயமானவனா?” நிலம், நகை, ஈடு எல்லாம் அதற்குப் பிறகு. கையிலுள்ள காசுக்கும் வாய்ச்சொல் தவறாமைக்கும் ஒரே பெயரைச் சூட்டிய இந்த அழகை, சொற்சுவை அறிந்த நீங்கள் என்னோடு சற்று நின்று பார்க்கவேண்டும்.

நாண் உடையவன் நாணயமானவன் என்று பிரிக்க மனம் தாவும். ‘நா நயம்’ என்று மேடைகளில் பிரித்துக் காட்டுவதும் உண்டு. இரண்டும் செவிக்கு இனியவை, வேர் ஆகமாட்டா. நாநயத்தில் இருப்பது பல்லை ஒட்டிப் பிறக்கும் நகரம். நாணயத்தில் இருப்பதோ நா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடும் ணகரம். வடமொழியில் காசுக்கு ‘நாணகம்’ என்று பெயர். உயிர்களுக்கு நடுவே அகப்பட்ட ககரம் தேய்ந்து யகரமாவது பாகதத்தின் இயல்பு. அவ்வழியே நெகிழ்ந்து, மகர ஈறு பெற்று நம்மிடம் வந்தது நாணயம். அந்த நாணகத்துக்கும் பின்னே, குசாணர் காசுகளில் பொறிக்கப்பட்ட ‘நனா’ என்னும் தெய்வத்தின் பெயர் இருக்கலாம் என்று கருதும் அறிஞர்களும் உண்டு.

வந்த சொல்தான், ஆனால் இங்கே வந்தபின் அது பெற்ற பொருள் நம்முடையது. காசு, பொன் என்ற சொற்களை முன்பே வைத்திருந்த தமிழ், காசை நோட்டம் பார்ப்பவனுக்கும் ‘வண்ணக்கன்’ என்று பெயர் வைத்திருந்தது. வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்னும் சங்கப் புலவர் பெயரிலேயே அத்தொழில் நிற்கிறது. மாற்றுக் குறையாத காசு செல்லும், குறைந்தது செல்லாது. சோதனைக்கு நின்று தேறிய காசின் தன்மையை ஆள்மேல் ஏற்றி, ‘நாணயஸ்தர்’, ‘நாணயம் தவறியவன்’ என்று பேசத் தொடங்கியதில் அந்தப் பழைய நோட்டக்காரனின் கண் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். மலையாளத்தில் இன்று காசின் பக்கமே ஓங்கியிருக்கிறது. மிளகும் ஏலமும் அங்கே ‘நாண்யவிள’. நாம் பணப்பயிர் என்கிறோம்.

பிரிட்டிஷ் காலத்தில் எல்லையில் காசே இரண்டு விதமாக இருந்தது. கம்பத்தில் அணாவும் பைசாவும். மலையேறிக் குமுளிக்குப் போனால் திருவிதாங்கூர்ச் சக்கரம். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். வட்டக் காசு மாறினாலும் ஆளின் நாணயம் மாற்றுக் கணக்கில்லாமல் இருபுறமும் செல்லுபடியானது.

இரண்டாம் உலகப்போர் இச்சொல்லின் இரு பொருளையும் பிரித்துக் காட்டியது. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியாக இருந்த பிரிட்டிஷ் இந்திய ரூபாய், 1940-இல் பாதி வெள்ளியானது. 1943-இல் செம்பை மிச்சம்பிடிக்க நடுவே துளையிட்ட ஓட்டைக் காலணா வந்தது. காசின் நாணயம் அரசாணையாலேயே குறைந்தது. அதே வேளையில், போர்முனைக்குப் போன சிப்பாய் ஊரில் தவணை கட்ட முடியாமல் நின்றால் அவனை நாணயம் கெட்டவன் என்பதா? 1925-ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் இதற்கு வழிசெய்திருந்தது. அதற்கு முன்னோடி, முதல் உலகப்போர்க் காலத்தில் 1918-இல் வந்த சட்டம். அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காட்டுக்கும் 1925-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தியது. போர்ச்சேவையில் இருப்பவன் நேர்வர இயலாவிட்டால் வழக்கு நிறுத்திவைக்கப்படும். அவன் இல்லாதபோது பிறந்த தீர்ப்பை நீக்கக் கேட்கலாம். காலவரையறைக் கணக்கில் சேவைக்காலம் கழிக்கப்படும். இந்தக் கழிவு கடன் கொடுத்தவருக்கும் உண்டு, அவர் உரிமையும் காலாவதியாகாது. கடன் நிற்கிறது, பழி மட்டும் ஏறவில்லை. மிக நேரிய ஏற்பாடு இது.

இன்று நோட்டம் பார்ப்பது கணினி. 2000-இல் தொடங்கிய கடன்தகவல் நிறுவனமான சிபில், 300 முதல் 900 வரை எண் போட்டு ஆளை மதிக்கிறது; “சிபில் அடிவாங்கிடுச்சு” என்பது எல்லைத் தமிழிலும் கேட்கும் பேச்சு. போர்க்காலத்தில் இந்த எண்ணையும் கடனாளியையும் காப்பது பழைய அறத்தின் தொடர்ச்சியே. தன் படைவீரர் சட்டம் தரும் சலுகையைக் கேட்டார் என்ற ஒன்றையே காரணமாக்கி ஒருவரின் கடன் பதிவேட்டில் குறை எழுதலாகாது என்று 1991-இல் அமெரிக்கா அச்சட்டத்தில் சேர்த்தது. 2022 மார்ச்சில் உக்ரைன், போர்க்காலத்தில் தவணை தவறினால் தண்டம் இல்லை என்றது.

இந்த எண்ணுக்குத் தமிழில் ‘கடன் மதிப்பெண்’ என்று எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் அளக்கப்படுவது கடன் அன்று, கடன் பட்டவரின் நடத்தை. ‘நாணய மதிப்பெண்’ என்று எழுதினால், முடியாமல் நின்றவரையும் ஏமாற்ற நின்றவரையும் பிரித்துப் பார்க்கும் கடமை அந்தப் பெயரிலேயே ஒட்டிக்கொள்ளும். நான் இனி அப்படித்தான் எழுதப்போகிறேன்.